பிள்ளையின் உழைப்பைப் பார்த்துப் பெருமைப்படுவது எப்படி? பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மூளையைப் புகழாதீர்கள், முயற்சியைப் புகழுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்காத பெற்றோர் இன்று குறைவு. கேட்ட மறுநாளே பலர் தொடங்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் கைவிட்டும் விடுகிறார்கள். என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். அறிவுரை சரியானதுதான். கடைப்பிடிக்கும் வரிசைதான் தவறிப்போகிறது. எல்லாரும் பாராட்டு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிள்ளை என்ன செய்தது என்று பார்க்காமல் அதன் உழைப்பைப் பாராட்டவே முடியாது. அப்படிப் பாராட்டினால் அது பேச்சுக்குச் சொன்னது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

இங்கே உள்ள படிகள் 5 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதற்கு மேற்பட்ட வயதுக்கான மாற்றங்கள் 9ஆம் படியில் உள்ளன. வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்ததை வைத்துத்தான் நடக்கிறது.

தொடங்கும் முன் தேவையானவை

முதல் தேவை, சாதாரணமான ஒரு வாரம். தேர்வு வாரத்திலோ மதிப்பெண் அட்டை வந்த வாரத்திலோ தொடங்க வேண்டாம். அப்போது வீட்டில் எல்லாரும் பதற்றத்தில் இருப்பார்கள். நீங்கள் புதிதாக எதைச் சொன்னாலும் அது மதிப்பெண்ணுக்கான தீர்ப்பாகவே பிள்ளையின் காதில் விழும். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்தோ, அரையாண்டு விடுமுறை முடிந்த ஜனவரியிலோ தொடங்குவது நல்லது.

இரண்டாவது, ஒரு ரஃப் நோட்டு. பிள்ளை கணக்குப் போட்டுப் பார்க்க, படம் வரைய, அடித்துத் திருத்த. அதில் அழிரப்பர் கூடாது; தவறினால் ஒரே கோடாக அடித்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். அழித்துவிட்டால் பிள்ளை எந்த வழியில் போய் எங்கே திரும்பியது என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். 3ஆம் படி முழுக்க இந்த நோட்டை நம்பித்தான் இருக்கிறது.

மூன்றாவது, கணவனும் மனைவியும் ஒரு முறை உட்கார்ந்து பேசிக்கொள்வது. ஒருவர் முயற்சியைப் பற்றிப் பேச, மற்றவர் "என் பிள்ளைக்கு மூளை அப்படி" என்று சொல்லிக்கொண்டிருந்தால், பிள்ளை இரண்டாவதைத்தான் நம்பும். அதுதானே கேட்க இனிப்பாக இருக்கிறது.

1. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

இந்த வாரம் உங்கள் பேச்சை மாற்ற வேண்டாம். பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்லும் வாக்கியங்களை, நல்லதோ கெட்டதோ, இரவில் நினைவுபடுத்தி அப்படியே எழுதுங்கள். "சமர்த்து", "கற்பூர புத்தி", "அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்", "மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது", "நீயே ஷூ லேஸ் கட்டிவிட்டாயே" என்று எது வந்தாலும் சரி.

வாரக் கடைசியில் அவற்றைப் பிரியுங்கள். பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்பவை ஒரு பக்கம். பிள்ளை என்ன செய்தது என்று சொல்பவை இன்னொரு பக்கம். வேறொரு பிள்ளையோடு ஒப்பிடுபவை தனி.

பெரும்பாலான வீடுகளில் முதல் பக்கம் நிரம்பி வழியும். அதற்காக வருந்த வேண்டாம். நம் வீடுகளில் அன்பைச் சொல்லும் வழக்கமே அதுதான். பாட்டி கன்னத்தை வழித்து நெட்டி முறித்து "என் தங்கம்" என்று சொல்வதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அது அன்பு, அதற்குக் காரணம் தேவையில்லை. நாம் தேடுவது, வேலை செய்து முடித்த பிள்ளையிடம் அந்த வேலைக்குக் காரணமாக நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும்.

சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு இந்தப் படிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2013இல் வெளியான அந்த ஆய்வுக்காக, 1 முதல் 3 வயது வரையுள்ள 53 குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று பெற்றோரின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைச் சந்தித்தபோது, செய்த செயலைச் சுட்டும் பாராட்டை அதிகப் பங்கு பெற்றிருந்தவர்களுக்குக் கடினமான வேலைகள் மேல் விருப்பமும், திறமை வளரக்கூடியது என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. அங்கே பதிவானது பயிற்சி பெற்றுப் பேசிய பேச்சு இல்லை, தானாக வாயில் வந்த பேச்சு. அதனால்தான் உங்கள் வாயில் தானாக வருவதை முதலில் எழுதச் சொல்கிறேன்.

அடிக்கடி நேரும் தவறு: இரண்டாம் நாளே வாக்கியங்களைத் திருத்தத் தொடங்குவது. திருத்தினால் வழக்கமான பேச்சு எது என்பது கடைசிவரை தெரியாது.

2. பிள்ளையிடம் பேசுவதற்கு முன், பிள்ளையின் காதில் விழுவதை மாற்றுங்கள்

பலர் இந்தப் படியையே தாண்டிப் போய்விடுகிறார்கள். மாலையில் பிள்ளையிடம் "நன்றாக முயற்சி செய்தாய் கண்ணா" என்று சொல்லிவிட்டு, இரவு அக்காவுக்கு போன் போட்டு, "இவன் புத்தகத்தைத் தொடவே மாட்டான் அக்கா, ஆனால் தொண்ணூறுக்குக் குறையவே மாட்டான்" என்பார்கள். அடுத்த அறையில் பிள்ளை விழித்திருக்கும். தன்னிடம் சொன்னது பாடம், அத்தையிடமோ பெரியம்மாவிடமோ சொன்னதுதான் உண்மையான பெருமை என்று அதற்குத் தெரியும். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

"படிக்காமலேயே வாங்கிவிடுவான்" என்ற இந்த ஒரு வாக்கியம் செய்யும் கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, படிப்பதையே மறைக்கத் தொடங்குகிறது. தேர்வு அறை வாசலில் "நான் ஒன்றுமே படிக்கவில்லை" என்று ஒருவரையொருவர் மிஞ்சிச் சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் எழுந்து படித்தவர்கள். உழைத்தேன் என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயத்தை அவர்களுக்கு ஊட்டியது அந்த வாக்கியம்தான். இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தன் உழைப்பை வெட்கமாக நினைக்கும் பிள்ளை, தெரியாததைக் கேட்கவும் வெட்கப்படும். கேட்காத பிள்ளைக்கு யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

செய்ய வேண்டியது எளிது. போனில் பெருமை பேசுவதை நிறுத்த வேண்டாம். பெருமைக்கு வேறு செய்தி கொடுங்கள். "இந்த வாரம் முழுக்க வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டினாள். நேற்றுத்தான் பிடிபட்டது" என்று அக்காவிடம் சொல்லுங்கள். அடுத்த அறையில் அதைக் கேட்கும் பிள்ளைக்கு, நேரில் சொல்லும் பத்துப் பாராட்டைவிட அது ஆழமாக இறங்கும். இரண்டு வாரமாவது இதை மட்டும் செய்யுங்கள்.

3. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

இதுதான் மையமான படி. நேரமும் பொறுமையும் வேண்டும். தினமும் கால் மணி நேரம் போதும். பிள்ளை வேலை செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். சொல்லிக்கொடுக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

எதைப் பார்ப்பது? எங்கே தயங்கி நிற்கிறது, நின்றதும் என்ன செய்கிறது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடுகிறதா, விடை வந்ததும் அதைச் சரிபார்க்கிறதா. இந்த இடங்களில்தான் உழைப்பு இருக்கிறது. எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தது என்ற கணக்கில் அது இல்லை.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்ட வேண்டும். மேலே உள்ள இரண்டையும் ஒன்றையும் கூட்டி 3, கீழே உள்ள மூன்றையும் நான்கையும் கூட்டி 7, விடை 3/7 என்று எழுதிவிட்டாள். இந்தப் பாடத்தில் பல பிள்ளைகள் செய்யும் தவறு இது. பென்சிலை வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. 3/7-ஐயே கொஞ்ச நேரம் பார்த்தாள். நோட்டின் ஓரத்தில் ஒரு நீளப் பட்டை வரைந்து மூன்றாகப் பிரித்து, இரண்டு பாகத்துக்குக் கோடு போட்டு நிரப்பினாள். அது பாதிக்கு மேல் வந்தது. அதன் கீழே இன்னொரு பட்டை வரைந்து ஏழாகப் பிரித்து மூன்றை நிரப்பினாள். அது பாதியைத் தொடவில்லை. "கூட்டினால் எப்படிக் குறையும்?" என்று தனக்குள் முணுமுணுத்தாள். 3/7-ஐ ஒரே கோடாக அடித்தாள். பிறகு இரண்டு பின்னங்களையும் பன்னிரண்டில் வைத்து, 8/12-உம் 3/12-உம் சேர்த்து 11/12 என்று முடித்தாள்.

அவள் அப்பா அன்று அலுவலகம் முடிந்து வந்து விடையை மட்டும் பார்த்திருந்தால், "சரியாகப் போட்டுவிட்டாயே, சமர்த்து" என்றிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கோ நோட்டின் ஓரத்தில் இருந்த இரண்டு பட்டைகள் தெரியும். விடை தவறாக இருக்கலாம் என்று யாரும் சொல்லாமலே அவள் சந்தேகப்பட்டாள். அதைச் சோதிக்க ஒரு வழியையும் தானே கண்டுபிடித்தாள். பெருமைப்பட வேண்டியது அங்கே. விடை நாளைக்கு மறந்துபோகலாம். விடையைச் சந்தேகிக்கும் பழக்கம் எந்தக் கணக்குக்கும் உதவும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் தினமும் உட்கார முடியாது என்பார்கள். ரஃப் நோட்டு அதற்காகத்தான். இரவில் இரண்டு நிமிடம் அதைப் புரட்டுங்கள். அடித்த இடங்களைத் தேடி, "இங்கே என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அடிப்பது கெட்டது என்று பள்ளியில் பழகிய பிள்ளை முதலில் பயப்படும். நீங்கள் கோபிக்கவில்லை என்று தெரிந்ததும், நாலைந்து நாளில் தானாகவே கதை சொல்லத் தொடங்கும்.

அடிக்கடி நேரும் தவறுகள் இரண்டு. ஒன்று, பிள்ளை தயங்கியதும் பெற்றோர் கை நோட்டுக்குப் போவது. தயக்கம்தான் நீங்கள் பார்க்க வந்த இடம். அதை நீங்களே மூடிவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. இன்னொன்று, பார்ப்பது காவல் காப்பதாக மாறிவிடுவது. உங்கள் கையிலும் ஒரு வேலை இருக்கட்டும், கீரை ஆய்வதோ கணக்கு எழுதுவதோ. பிள்ளையின் தோள் இறுகினால் எழுந்து போய்விடுங்கள்.

4. பார்த்ததைச் சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில்

இப்போதுதான் பாராட்டு. அதன் அமைப்பு சுருக்கமானது: நீ இதைச் செய்தாய், அதனால் இது நடந்தது. "3/7 வந்ததும் நிறுத்திச் சரிபார்த்தாய். அதனால்தான் தவறு தெரிந்தது." அவ்வளவுதான். "வாவ்", "சூப்பர்" எதுவும் தேவையில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதே பிள்ளைக்குப் பெரிய பரிசு.

காரணத்தை ஏன் சேர்க்க வேண்டும்? செயலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்குத் தானாகத் தெரிவதில்லை. தொடர்பு தெரிந்தால் நாளைக்கு அதையே மறுபடி செய்யும். "நீ கெட்டிக்காரி" என்று கேட்ட பிள்ளைக்கு நாளைக்குச் செய்ய ஒன்றும் கிடைப்பதில்லை. கெட்டிக்காரி என்ற பெயரைக் காப்பாற்றும் சுமை மட்டும் கூடுகிறது.

அந்தச் சுமையை அளந்து காட்டிய சோதனைகள் 1998இல் வெளியாயின. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படப் புதிர்கள் கொடுத்தார்கள். எல்லாரிடமும் நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். ஒரு சாராரிடம் அறிவைப் பாராட்டி ஒரு வாக்கியம், இன்னொரு சாராரிடம் உழைப்பைப் பாராட்டி ஒரு வாக்கியம். வேறுபாடு அவ்வளவுதான். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, உழைப்புப் பாராட்டைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் புதிதாகக் கற்கக்கூடிய வேலையைத் தேர்ந்தார்கள். அறிவுப் பாராட்டைப் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், கெட்டிக்காரர் என்ற பெயர் கெடாமல் இருக்கும் வேலையைத் தேர்ந்தார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்து, மறுபடி முதல் தரத்துப் புதிர்களையே கொடுத்தார்கள். உழைப்புக்காரர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். அறிவுக்காரர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அறிவுப் பாராட்டைப் பெற்றவர்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் பொய் எழுதினார்கள். ஒரே ஒரு வாக்கியத்தின் விளைவு இது. நம் வீடுகளில் அதே வாக்கியம் தினமும் ஒலிக்கிறது.

அளவையும் கவனியுங்கள். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளையைக் கண்டால் நமக்கு இரக்கம் வந்து, பாராட்டைப் பெரிதாக்கிவிடுகிறோம். 2014இல் வெளியான டச்சு ஆய்வு ஒன்றில், வரைந்த படத்துக்கு மிகைப்படுத்திய பாராட்டைப் பெற்ற தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகள், அதன்பின் கடினமான வேலைகளைத் தவிர்த்தார்கள். அவ்வளவு உயரத்தை மறுபடியும் எட்ட முடியுமா என்ற பயம்தான். கூச்சமுள்ள பிள்ளைக்குச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், உண்மையானதாக இருக்கட்டும்.

அடிக்கடி நேரும் தவறு: "சமர்த்து" இருந்த இடத்தில் "கடின உழைப்பாளி" என்று போட்டுக்கொள்வது. அதுவும் ஆளுக்கு ஒட்டும் முத்திரைதான். எந்த உழைப்பு என்று சொல்லத் தெரியாவிட்டால் அன்று பாராட்டாதீர்கள். 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

5. உழைத்தும் மதிப்பெண் குறைந்த நாள்

நீங்கள் இத்தனை நாள் செய்தது நிற்குமா என்பது இந்த நாளில்தான் தெரியும். விடைத்தாளைக் கையில் வாங்கும்போது உங்கள் முகத்தைத்தான் பிள்ளை படிக்கும். 2016இல் கைலா ஹைமோவிட்ஸும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதைச் சொல்கிறது: அறிவு வளரும் என்று பெற்றோர் நம்புகிறார்களா என்பதைவிட, தோல்வியை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நம்பிக்கையை மனத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். முகத்தை ஒளிக்க முடியாது.

வரிசை இது. விடைத்தாளை வாங்கி வையுங்கள். முதலில் பிள்ளை கை கால் கழுவிச் சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு இருவரும் தாளைப் பிரித்து, தவறிய கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் குறியுங்கள். தெரியவே தெரியாததற்கு "தெ". தெரிந்தும் கவனம் தவறியதற்கு "க". நேரம் போதாமல் விட்டதற்கு "நே". குறிப்பது பிள்ளையாக இருக்க வேண்டும், நீங்கள் இல்லை. தன் தவறு எந்த வகை என்று முடிவு செய்யும்போதுதான் அது தன் வேலையை வெளியிலிருந்து பார்க்கிறது.

மூன்றுக்கும் மருந்து வேறு. "தெ" அதிகம் என்றால் அந்தப் பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். "க" அதிகம் என்றால் கடைசி ஐந்து நிமிடம் சரிபார்க்கப் பழக வேண்டும். "நே" அதிகம் என்றால் கடிகாரம் வைத்து வீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். வழி மாறாமல் அதே உழைப்பை இரண்டு மடங்காக்கினால் களைப்புத்தான் இரண்டு மடங்காகும்.

இந்த நாளில் சொல்லக் கூடாதது: "பரவாயில்லை, முயற்சி செய்தாயே, அது போதும்." அன்போடு சொல்வதுதான். ஆனால் பிள்ளையின் காதில், இதற்கு மேல் உன்னிடம் எதிர்பார்க்கவில்லை என்று விழுகிறது. டுவெக்கே பின்னாளில் இதை எச்சரித்து எழுதினார்: பலன் தராத முயற்சியை ஆறுதல் பரிசாகப் பாராட்டுவது தன் ஆய்வின் பொருள் இல்லை என்று.

6. உழைக்காமல் வந்த நூறு

இதற்கு யாரும் வழி கேட்பதில்லை, ஏனென்றால் இதை யாரும் சிக்கலாக நினைப்பதில்லை. பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்து நூறு வாங்கி வந்திருக்கிறது. இல்லாத உழைப்பைப் பாராட்டினால் பொய். மூளையைப் பாராட்டினால் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். "இது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை போலிருக்கிறதே. பயிற்சியின் கடைசியில் இருக்கும் கணக்கைப் பார்ப்போமா?" என்று சொல்லுங்கள். பிள்ளையின் கையில் அதன் அளவுக்கு மீறிய வேலை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை சிரமமே படாமல் வந்து, ஒன்பதிலோ பதினொன்றிலோ முதல் முறையாகத் தடுக்கி விழுந்து எழத் தெரியாமல் கிடக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குக் குறைந்தது மூளை இல்லை. சிரமப்பட்டுப் பழக்கம் இல்லை.

7. இயல்பான திறமையை இல்லை என்று சொல்லாதீர்கள்

திறமை என்று ஒன்றே இல்லை, எல்லாம் உழைப்புத்தான் என்று சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் அதை நம்ப மாட்டார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரன் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை மறுத்தால் நீங்கள் சொல்லும் மற்றதும் எடுபடாது.

பாட்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குச் சுருதி சட்டென்று பிடிபடும். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை தொடங்கிய சில நாளிலேயே ஸ்வர ஸ்தானம் சுத்தமாக நிற்கும். அதே வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக, பாடச் சொன்னால் தாளம் நழுவும், கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இந்தப் பிள்ளையிடம் "உனக்குச் சுருதி இயல்பாகவே சேர்கிறது. மூன்றாம் காலம் மெதுவாகப் போட்டுப் போட்டுத்தான் வரும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பாதி உண்மை, மகிழ்ச்சியோடு சொல்லலாம். இரண்டாம் பாதி, அடுத்து வேலை எங்கே என்று காட்டுகிறது. திறமையைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்துவதுதான் கெடுதல்.

8. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடும், பெரியவர்கள் உள்ள வீடும்

கற்பூரம், கரித்துண்டு, வாழைமட்டை என்று பிள்ளைகளின் புத்தியைப் பிரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிடக் கொடிய பேச்சு இல்லை. மூத்தவன் கற்பூரம் என்றால் இளையவன் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதைப் போலவே, "அவன் மூளை, இவள் உழைப்பு" என்று பங்கு பிரிப்பதும் கூடாது. உழைப்பு என்பது மூளை இல்லாதவர்களுக்கான ஆறுதல் என்று இரண்டு பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். ஒருவரின் ரஃப் நோட்டை இன்னொருவர் முன்னால் புரட்டாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனி நேரம்.

தாத்தா பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம். பேரனின் எதிரே "அப்படிச் சொல்லாதீர்கள் அப்பா" என்றால் அவர் மனமும் நோகும், பிள்ளைக்கும் ஏதோ தவறு நடந்ததாகத் தோன்றும். அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுங்கள். "தாத்தாவிடம் அந்தப் பட்டை வரைந்த கணக்கைக் காட்டு" என்று பிள்ளையை அனுப்பினால் போதும். எந்தத் தாத்தாவும் ஆர்வமாகக் கேட்பார்.

திருமண மண்டபத்தில் உறவினர் "எத்தனை மார்க்?" என்று கேட்கும்போது மதிப்பெண்ணை மறைக்காதீர்கள், மறைத்தால் அது வெட்கப்பட வேண்டியது என்றாகிவிடும். எண்ணைச் சொல்லி, உடனே செய்ததைச் சொல்லுங்கள்: "எழுபத்திரண்டு மாமா. போன தடவை விட்ட வடிவியல் முழுக்க இந்தத் தடவை எழுதிவிட்டான்."

9. பதிமூன்று வயதுக்கு மேல்: குறைவாகச் சொல்லுங்கள், அதிகமாகக் கேளுங்கள்

சிறு குழந்தைகள் உழைப்பையும் திறமையையும் ஒன்றாகவே பார்ப்பார்கள். வளர்ந்த பிள்ளைகள் அப்படி இல்லை. அதிகம் உழைக்க வேண்டியிருந்தால் திறமை குறைவு என்று கணக்குப் போடுவார்கள். அதனால் "நன்றாக உழைத்தாய்" என்பது அவர்கள் காதில் இரக்கமாக விழலாம், சுலபமான வேலைக்குச் சொன்னால் இன்னும் மோசம். விடலைப் பருவத்தில் உழைப்புப் பாராட்டு எதிர்விளைவு தரலாம் என்று 2018இல் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

எனவே பாராட்டைக் கேள்வியாக்குங்கள். "இயற்பியலில் இந்தத் தடவை என்ன மாற்றிச் செய்தாய்?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். தான் செய்ததைத் தானே எடுத்துச் சொல்லும்போது அதன் மதிப்பு அவனுக்கே விளங்கும். பொதுத்தேர்வு ஆண்டில் இது இன்னும் முக்கியம். 2017 முதல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுக்கு மாநில முதலிடப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. உறவினர் வட்டத்தில் அந்தப் பட்டியல் இன்னும் நிற்கவில்லை. முடிவு வரும் நாளில் அந்தத் தொலைபேசி அழைப்புகளை நீங்கள் எடுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

10. பலன் தெரிகிறதா என்று பார்ப்பதும், எங்கே நிறுத்துவது என்பதும்

மதிப்பெண் உடனே ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பாதியினருக்கு 'அறிவு வளரக்கூடியது' என்ற கருத்தைப் பாடமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், அங்கே வழங்கும் 4 புள்ளி அளவில் 0.1 புள்ளி உயர்ந்தது. இருக்கிறது, ஆனால் சிறியது. நீங்கள் பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு: போட்டு முடித்த கணக்கோடு, போட முடியாத கணக்கையும் பிள்ளை உங்களிடம் கொண்டுவருகிறதா? ரஃப் நோட்டை மறைக்காமல் மேசைமேல் விட்டுப் போகிறதா? "தெரியவில்லை" என்று கூச்சமின்றிச் சொல்கிறதா? இவை சில மாதங்களில் தெரியத் தொடங்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பிள்ளை உண்மையாகவே உழைப்பதை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். வழியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. அப்படியும் மூன்றாம் வகுப்பில் சிறு சொற்களை எழுத்துக்கூட்டியே படிக்கிறது, கரும்பலகையிலிருந்து எழுதுவதில் வரிகள் விடுபடுகின்றன, வாயால் சரியாகச் சொல்வது தாளில் வரவில்லை என்றால், "இன்னும் முயற்சி செய்" என்று சொல்வதை அன்றோடு நிறுத்துங்கள். முதலில் கண், காது பரிசோதனை. அவை சரியாக இருந்தால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தைநல மருத்துவர் வழியாகப் பரிசோதிக்கக் கேளுங்கள். சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு; அதற்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது ரஃப் நோட்டையும் எடுத்துப் போங்கள். எங்கே, எப்படித் தடுக்கிறது என்பது அதில் இருக்கும்.